ஏழு வருஷமாக ஷெட்டில் நின்ற மாருதி 800: ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது, உதவுங்கள்

காரைக்குடிக்காரன்

வணக்கம். அப்பாவின் மாருதி 800, 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. 2018இல் அவர் தவறியதிலிருந்து ஊர் வீட்டு ஷெட்டிலேயே நிற்கிறது. நான் சென்னையில் இருப்பதால் யாரும் தொடவில்லை.

இந்த முறை லீவில் வந்தபோது புது பேட்டரி போட்டேன். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்தேன். கார்புரேட்டர் வாயில் ஒரு மூடி பெட்ரோல் ஊற்றி அடித்தால் நாலைந்து விநாடி ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. டேங்கில் கால் அளவு பழைய பெட்ரோல் இருந்தது, அதன்மேல் 5 லிட்டர் புதிது ஊற்றியிருக்கிறேன்.

உள்ளூர் மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்த வேகத்தில் மூடிவிட்டு, "இன்ஜினை இறக்கணும், 25,000 ஆகும்" என்றார். உண்மையா? விற்க மனசில்லை.

ரிங் ஸ்பேனர்

இறக்க வேண்டாம். நாலு விநாடி ஓடுகிறது என்றாலே பிளக்கில் கரண்ட் வருகிறது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல்தான் வந்து சேரவில்லை.

முதலில், கார்புரேட்டரில் பெட்ரோல் ஊற்றி அடிப்பதை நிறுத்துங்கள். ஒரு தடவை பேக்ஃபயர் ஆனால் பானெட்டுக்குள் தீ. என் கைமுடி போன கதை தனி.

ஏழு வருஷப் பெட்ரோல் பெட்ரோலே இல்லை, வார்னிஷ். புதிது கலந்தாலும் தேறாது. டேங்கை முழுக்க வடித்துவிடுங்கள். இப்போதைக்கு டேங்கை மறந்துவிட்டு, பெட்ரோல் பம்புக்கு டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, ஒரு லிட்டர் பாட்டிலில் புதுப் பெட்ரோல் வைத்து அங்கே கொடுத்துப் பாருங்கள். அப்புறம் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளை), மிதவை ஊசி எல்லாவற்றையும் கிளீனர் அடித்துக் காற்றில் ஊதுங்கள். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதானால் மைலேஜ் போச்சு.

பழைய கை

தம்பி, ஸ்பேனர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதற்கு முன் ஒன்று இருக்கிறது. பிளக் மூன்றையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவையுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலே நாலாவது கியரில் வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளுங்கள். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் காய்ந்து கிடக்கும்போது செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் கீறல் விழும். நீங்கள் ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள், பரவாயில்லை, இனிமேலாவது.

டைமிங் பெல்ட்டையும் பாருங்கள். 800இல் அது ரப்பர். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

காரைக்குடிக்காரன்

அண்ணா இருவருக்கும் நன்றி. தள்ளிப் பார்த்தபோது பின் சக்கரம் இரண்டும் உருளவே இல்லை. அப்பா ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதனால் முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, நாலாவது கியரில் கையால் சுற்றினேன். இன்ஜின் தாராளமாகச் சுற்றியது. பெல்ட், ஆயில், ஆயில் ஃபில்டர் மாற்றியாயிற்று. கார்புரேட்டரையும் கழுவினேன், உள்ளே தேன் மாதிரி ஒட்டிக்கிடந்தது.

பாட்டிலைப் பானெட்டில் தொங்கவிட்டு அடித்தேன். ஸ்டார்ட் ஆகிவிட்டது! ஆனால் ஆக்சிலேட்டரை விட்டால் நின்றுவிடுகிறது. இரண்டு நிமிடம்தான் ஓட்டியிருப்பேன், பாட்டிலில் பாதி காலி. வெள்ளைப் புகையும் வருகிறது.

ரிங் ஸ்பேனர்

நிறுத்துங்கள். இந்த இன்ஜினுக்கு அரை லிட்டர் என்பது பல கிலோமீட்டர் ஓட்டம். நின்ற இடத்தில் இரண்டு நிமிடத்தில் அது எங்கே போனது? ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள்.

காரைக்குடிக்காரன்

ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. பெட்ரோல் வாடை அடிக்கிறது. நேற்றுதான் ஊற்றிய ஆயில்!

ரிங் ஸ்பேனர்

அதேதான். 800இல் பெட்ரோல் பம்ப் மின்சாரப் பம்ப் அல்ல. இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டிலேயே உட்கார்ந்து, கேம்ஷாஃப்ட் தள்ளித் தள்ளி ஓடுவது. அதன் உள்ளே ரப்பர் டயஃப்ரம் (சவ்வு). ஏழு வருஷம் காய்ந்து வெடித்திருக்கும். நீங்கள் பாட்டிலை உயரத்தில் வேறு தொங்கவிட்டதால் பெட்ரோல் தானாகவே வெடிப்பு வழியாக ஹெட்டுக்குள் இறங்கி ஆயிலில் கலந்துவிட்டது. பாட்டில் யோசனை என்னுடையது, பம்பைச் சோதிக்கச் சொல்லாதது என் தப்பு.

அந்த ஆயிலோடு ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். தண்ணீராகிவிட்ட ஆயிலில் பேரிங் தேயும். பம்ப் புதிது போட்டு, ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்றுங்கள். பெட்ரோல் ஹோஸ் அத்தனையையும் மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பருக்கு ஒத்துக்கொள்ளாது.

ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது) ஓடாமல் அணைந்துவிடுவதற்கு: கார்புரேட்டரில் ஒயர் போகும் சின்ன சோலனாய்டு (மின்சார வால்வு) ஒன்று இருக்கும். சாவியை ஆன் செய்யும்போது 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஐடில் பெட்ரோலே போகாது.

காரைக்குடிக்காரன்

'டிக்' இல்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். எலி கடித்து வைத்திருக்கிறது! ஒட்டுப் போட்டேன். பம்ப், ஹோஸ், ஆயில் எல்லாம் புதிது. இன்று காலை சோக்கை இழுத்து இரண்டாவது செல்ஃபிலேயே பிடித்தது. இருபது நிமிடம் ஐடிலில் அணையாமல் ஓடியது. ரேடியேட்டர் ஃபேனும் தானாக ஓடியது. அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

பழைய கை

சந்தோஷம் தம்பி. ஆனால் ரோட்டுக்கு எடுத்துவிடாதீர்கள். ஓடாத வண்டி வீட்டோடு நிற்கும், நிற்காத வண்டி அடுத்தவன் வீட்டில் போய்த்தான் நிற்கும். ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு, பின் சக்கர பிரேக் டிரம்மைச் சுற்றிச் சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள், விட்டுக்கொடுக்கும். திறந்ததும் வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், முழுக்க வடித்துப் புதிது விட்டு பிளீட் செய்யுங்கள் (குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள்). டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 1214 என்றால் 2014இன் 12ஆவது வாரம். பூ (டயரின் மேல் வரிகள்) எவ்வளவு இருந்தாலும் அந்த வயசு டயரை நம்பாதீர்கள்.

பைபாஸ் ரோடு

பேப்பரையும் பாருங்கள் சார். 97 வண்டி என்றால் 15 வருஷம் 2012இல் முடிந்து, அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். ஆர்.சி. அப்பா பேரில் இருப்பதால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு படிவம் 31இல் பெயர் மாற்றம். ஆர்.சி. புதுப்பிக்கப் படிவம் 25. ஆர்.டி.ஓ.வுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகும் முன் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸாவது எடுத்துவிடுங்கள்.

காரைக்குடிக்காரன்

ஆர்.சி. 2022இலேயே முடிந்திருக்கிறது. இடது டிரம் வந்துவிட்டது, சிலிண்டர் கசிகிறது, இரண்டு பக்கத்துக்கும் ஆர்டர் போட்டிருக்கிறேன். டயர் நாலும் 2011. வலது டிரம் இன்னும் அசையவில்லை, இன்றைக்கும் ஆயில் விட்டு ஊறவைத்திருக்கிறேன். நாளைக் காலை மறுபடி தட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.