வாரக் கடைசியில் வெளியூர்க் கச்சேரி: அண்ணனுடன் எங்கே நிற்பது?

தேன்சிட்டு:
அண்ணனுக்கு 44 வயது. கிரீன் டே, பிளிங்க்-182 போன்ற குழுக்களின் பாப் பங்க் என்ற வேகமான ராக் இசையைக் கேட்டே வளர்ந்தவர். அவருடைய அறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டே எனக்கும் பாதிப் பாட்டுகள் மனப்பாடம். இதுவரை ஒரு குழுவையும் அவர் நேரில் பார்த்ததில்லை. அடுத்த மாதம் அவருக்கு மிகவும் பிடித்த குழு, நாங்கள் இருவரும் போயிராத ஒரு நகரத்தில் சனிக்கிழமை இரவு வாசிக்கிறது. நின்று பார்க்கும் டிக்கெட் இரண்டு வாங்கிவிட்டேன்.

கவலை என்னவென்றால், அவருக்கு இடது காதில் ஏற்கெனவே இரைச்சல் உண்டு. ஆனாலும் மேடையை ஒட்டி, நட்டநடுவில் நிற்க வேண்டும் என்கிறார். முடிந்ததும் இரவே ரயில் ஏறிவிடலாம் என்றும் சொல்கிறார். அவருடைய ஆசையைக் கெடுக்காமல் இதை எப்படி நடத்துவது?

மூன்றாம் தந்தி:
முதலில் திரும்பும் டிக்கெட்டை மறுநாளைக்கு மாற்றுங்கள். பட்டவள் சொல்கிறேன். நான் முதன்முதலில் போன நிகழ்ச்சியில் இரண்டு சிறிய குழுக்கள் முன்னால் வாசித்தன. நான் பார்க்கப் போன குழு, டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் மேடையேறியது. கடைசி மூன்று பாட்டுகளை விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினேன். வாசலைத் தாண்டும்போது, எதற்காகப் போனேனோ அந்தப் பாட்டு உள்ளே தொடங்கியது. சுவரைத் தாண்டி டிரம்ஸ் மட்டும் வந்தது. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

நட்டநடு வேண்டாம். வேகமான பாட்டு வந்ததும் கூட்டம் விலகி அங்கே ஒரு வட்டம் திறக்கும். தோளால் இடித்துக்கொண்டு சுற்றி ஓடுவார்கள். பார்த்தால் சண்டை போலிருக்கும், சண்டையில்லை. நான் ஒரு முறை அதற்குள் வழுக்கினேன். முழங்கால் தரையைத் தொடுவதற்குள் இரண்டு கைகள் அக்குளில், ஒரு கை சட்டைக் காலரில். தூக்கி நிறுத்தியவர் என் முகத்தைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் தலையாட்டிய பிறகுதான் விலகினார். விழுந்தவரை அக்கணமே தூக்குவது அங்கே எழுதாத சட்டம். அந்த ஒரு கணத்துக்காகவே இந்த இசையை நேரில் கேட்க வேண்டும் என்பேன். ஆனால் அண்ணனுக்கு இது முதல் முறை, ஓரமாக நில்லுங்கள். ஷூ லேஸை இரட்டை முடிச்சுப் போடச் சொல்லுங்கள்.

ஒலிமேசை:
மேடை ஒலி அமைப்பதுதான் என் தொழில். அண்ணனை முதலில் காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள் சகோதரி. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 85 டெசிபெல் ஒலிக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 3 டெசிபெல் கூடக்கூட அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் வெறும் கால் மணி நேரம். ராக் கச்சேரிகள் அதைச் சாதாரணமாகத் தொடுகின்றன.

பஞ்சு போன்ற காதடைப்பான் உச்ச ஒலிகளை அதிகம் விழுங்கிவிடும், சொற்கள் மங்கிப்போகும். இசைக்கென்று வடிகட்டி வைத்துச் செய்தவை எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். முதல் குழு வாசிக்கத் தொடங்குமுன்பே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பெரிய அரங்குகளில் மேடையை ஒட்டி நிற்பவருக்குப் பாட்டு நன்றாகக் கேட்காது. குரலைச் சுமக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகள் உயரத்தில் தொங்கிப் பின்வரிசைகளை நோக்கியிருக்கும். அடித்தொனிப் பெட்டிகள் தரையில், முன்வரிசைக்காரரின் நெஞ்சுக்கு நேராக. நாங்கள் ஒலியைச் சரிசெய்வது மேடைக்கு எதிரே, கூட்டத்துக்குள் தள்ளி இருக்கும் கலவை மேசையில் நின்று கேட்டுத்தான். அதன் முன்னால் நில்லுங்கள்.

தேன்சிட்டு:
ரயில் டிக்கெட்டை மாற்றிவிட்டேன். மருத்துவரிடம் வெள்ளிக்கிழமை போகிறோம். எல்லாவற்றையும் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ்வளவு தூரத்திலிருந்து டிரம்மரின் கைகள் தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு மனது கேட்கவில்லை.

மூன்றாம் தந்தி:
தெரியாது. அதனால் இப்படிச் செய்யுங்கள். கதவு திறந்ததும் உள்ளே போய், மேடையின் ஓரத்தில், டிரம்ஸ் கண்ணுக்குப் படுகிற பக்கம் நில்லுங்கள். முதல் இரண்டு பாட்டு அங்கே. பின்பு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக மேசைக்கு வந்துவிடுங்கள். மேடையை விட்டுப் பின்பக்கம் போகிறவருக்கு எல்லோரும் வழிவிடுவார்கள். அடைப்பானை மட்டும் இரண்டு இடத்திலும் கழற்ற விடாதீர்கள்.