சிக்கன் சாசேஜும் "சிகரெட்டுக்குச் சமம்" கணக்கில் வருமா?

கோவைக்காரி:
இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு. மகனுக்கு எட்டு வயது. இட்லியோ சப்பாத்தியோ வைத்தால் டிபன் பாக்ஸ் பாதியோடு திரும்பி வரும். சிக்கன் சாசேஜை வட்ட வட்டமாக நறுக்கி வதக்கி வைத்தால் காலியாகி வரும். அதனால் வாரத்தில் மூன்று நான்கு நாள் அதுதான். போன ஞாயிறு நாத்தனார் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒன்று அனுப்பினார்: சாசேஜ் தின்பது சிகரெட் பிடிப்பதற்குச் சமமாம், உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாம். அன்றிலிருந்து மாமியார் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை. நான் வாங்குவது கோழிதானே, மாடு பன்றி எதுவும் இல்லையே, இதற்கும் அது பொருந்துமா? நக்கட்ஸுக்கு மாறினால் பரவாயில்லையா? பயமுறுத்தாமல் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஈரோட்டு அடுப்பங்கரை:
இதெல்லாம் சும்மா கிளப்பிவிடுவது. சாசேஜ் கெடாமல் இருக்கச் சேர்க்கிற உப்பாம், நைட்ரைட் நைட்ரைட் என்கிறார்கள், கீரையிலும் பீட்ரூட்டிலும் இல்லாத நைட்ரேட்டா? எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக உப்புக்கண்டம் போட்டுச் சாப்பிட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பழைய பிளான்ட்காரன்:
இறைச்சி பதப்படுத்தும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சகோதரி, உங்கள் நாத்தனார் அனுப்பியது பாதி உண்மை. முழுப்பொய்யாக இருந்தால் சமாளிப்பது சுலபம்.

நடந்தது இதுதான். 2015 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பிரான்ஸில் லியோன் நகரில் இருப்பது, 10 நாடுகளின் 22 நிபுணர்களை வைத்து 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசியது. பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தது. அதே பிரிவில் புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கின்றன. வாட்ஸ்அப்காரர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். ஆனால் அந்தப் பிரிவு சொல்வது "இது புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் உறுதி" என்பதை மட்டுமே. எத்தனை பேருக்கு உண்டாக்கும் என்பது வேறு கணக்கு. அப்போது வெளியான மதிப்பீட்டின்படி, பதப்படுத்திய இறைச்சி அதிகம் தின்பதால் உலகத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 34,000 புற்றுநோய் மரணம். புகையிலையால் 10 லட்சம். இரண்டும் சமம் என்பவரிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.

அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் ஆகிவிடாது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றார்கள். சதவீதம் என்றாலே மிரட்டல்தான், ஆள் கணக்கில் சொல்கிறேன். பிரிட்டனில் மிகக் குறைவாகத் தின்பவர்கள் 1,000 பேரில் வாழ்நாளில் 56 பேருக்கு வரும் என்றால், மிக அதிகமாகத் தின்பவர்களில் 66 பேருக்கு வரும். பத்துப் பேர் கூடுதல். நம் நாட்டில் இந்த நோய் அங்கே இருப்பதைவிட மிகவும் குறைவு, எனவே கூடுதலும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பையனுக்கு எட்டு வயது. பழக்கம் இப்போது படிவதுதான்.

கோழி விஷயம். உப்பிட்டோ, நைட்ரைட் சேர்த்தோ, புகை போட்டோ பதப்படுத்திய எந்த இறைச்சியும் இதில் அடக்கம், கோழியும்தான். ஆய்வுகள் பெரும்பாலும் மாடு, பன்றி தின்கிற ஊர்களில் நடந்தவை என்பது நிஜம். இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தருகிற, நைட்ரோசமைன் போன்ற கெடுதல் சேர்மங்கள் உருவாகத் துணைபோகிற ஹீம் இரும்பு கோழியில் குறைவு, அந்த வகையில் கொஞ்சம் நல்லது. நைட்ரைட் மட்டும் அதே நைட்ரைட். வீட்டில் கோழியை வேகவைத்தால் வெள்ளையாகிறது, சாசேஜ் மட்டும் வெந்த பிறகும் ரோஸ் நிறமாக இருக்கிறதே, கவனித்தீர்களா? அது நைட்ரைட்டின் வேலை. ஒரு முறை அதைச் சேர்க்காமல் சோதனைக்குக் கொஞ்சம் செய்து பார்த்தோம். வந்தது சாம்பல் நிறத்தில். விற்பனைப் பிரிவுக்காரர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நிறத்துக்காக மட்டும் போடுவதும் இல்லை. பாட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமியை அது தடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், அதே நைட்ரைட் இறைச்சிப் புரதத்தின் சிதைவுப் பொருட்களோடு சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன் வகைச் சேர்மங்களை உண்டாக்குகிறது. வயிற்றுக்குள்ளும் நடக்கும், கருகக் கருக வறுக்கும்போது வாணலியிலும் நடக்கும். எங்கள் ஆலையில் நைட்ரைட்டைப் பூட்டி வைத்து கிராம் கணக்கில்தான் எடுத்துக் கொடுப்போம்.

ஈரோட்டு நண்பருக்கு: கீரையில் நைட்ரேட் நிறைய உண்டு, அது உடம்பில் நைட்ரைட்டாக மாறும், மறுக்கவில்லை. கூடவே வைட்டமின் சி-யும் இருக்கிறது, அது நைட்ரோசமைன் உருவாவதைத் தடுக்கும். கீரையில் ஹீம் இரும்பு கிடையாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஈரோட்டு அடுப்பங்கரை:
சரி, கீரையை விட்டுவிடுகிறேன். உப்புக்கண்டம்? கருவாடு?

பழைய பிளான்ட்காரன்:
உப்புக்கண்டம் அந்த வரையறைக்குள் வருகிறதுதான், உப்பிட்ட இறைச்சி ஆயிற்றே. ஆனால் வெறும் கல்லுப்பும் மஞ்சளும் மிளகாயும் போட்டு வெயிலில் காயவைத்தால் நைட்ரைட் இல்லை. இத்தாலியின் பார்மா ஹாம் கூட 1993 முதல் வெறும் உப்பில்தான் செய்கிறார்கள். பெரிய கவலை உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எப்போதாவது ரசத்துக்குத் தொட்டுக்கொள்கிற இரண்டு துண்டை யாரும் தடுக்கவில்லை. கருவாடு மீன், இந்தப் பட்டியலில் இல்லை. சீன முறையில் உப்பிட்ட மீன் மட்டும் தனியாக முதல் பிரிவில் இருக்கிறது, மூக்குத் தொண்டைப் புற்றுநோய்க்காக.

கோவைக்காரி:
மிக்க நன்றி சார். பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். பொடி எழுத்தில், சேர்த்த பொருட்களுக்கான குறியீட்டு எண்ணாக, ஐஎன்எஸ் 250, 316, 451 என்று இருக்கிறது. இதில் எது அது?

பழைய பிளான்ட்காரன்:
250தான் சோடியம் நைட்ரைட். 316 நைட்ரோசமைனைக் குறைக்கச் சேர்ப்பது, நல்ல பிள்ளை. 451 பாஸ்பேட், தண்ணீரைப் பிடித்து வைக்கும், நீங்கள் கோழி விலையில் தண்ணீரும் வாங்குகிறீர்கள். சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து இரண்டரையால் பெருக்குங்கள், அதுதான் உப்பு. பையனுக்கு எத்தனை வட்டம் வைக்கிறீர்கள் என்பதையும் ஒரு நாள் நிறுத்துப் பாருங்கள், 50 கிராம் எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்று தெரியும்.

நக்கட்ஸில் பெரும்பாலும் 250 இருக்காது, பிய்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும். அங்கே தொல்லை மாவும் எண்ணெயும் உப்பும். அதையும் தினமும் கொடுக்கிற பண்டமாக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோழிக் கொத்துக்கறியில் மிளகு, சீரகம், வெங்காயம் பிசைந்து விரல் நீளத்துக்கு உருட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். காலையில் தோசைக்கல்லில் நன்றாக வேகவிட்டால் போதும். சாசேஜ் மாதத்தில் ஒன்றிரண்டு நாள் இருக்கட்டும், அடியோடு நிறுத்தினால் பையன் கேன்டீனில் வாங்கித் தின்பான்.

கோவைக்காரி:
இதைச் செய்து பார்க்கிறேன். மாமியாரிடம் 34,000 கணக்கையும் படித்துக் காட்டிவிட்டேன், "அப்போ அதுவும் சாவுதானே" என்கிறார்! இன்னொன்று சார், என் தங்கை ஐந்து மாத கர்ப்பம். சலாமி (சூடாக்காமல் மெல்லிய வில்லையாகச் சாப்பிடுகிற சாசேஜ்) வைத்த சாண்ட்விச் என்றால் உயிர். அவளுக்கு?

பழைய பிளான்ட்காரன்:
அது வேறு கதை, அங்கே புற்றுநோய் இல்லை, லிஸ்டீரியா என்ற கிருமி. ஃப்ரிட்ஜ் குளிரிலேயே வளரும். தென்னாப்பிரிக்காவில் 2017–18இல் பொலோனி என்ற குளிர்ந்த சாசேஜிலிருந்து பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், 200க்கும் மேல் சாவு, அதில் பச்சிளம் குழந்தைகள் நிறைய. பிரசவம் வரை பாக்கெட்டைப் பிரித்து அப்படியே சாப்பிடுவது வேண்டாம். ஆசையாக இருந்தால் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் இதைச் சாப்பிட்டதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.