லெட் செப்பெலின் 1972 போஸ்டர்: இறங்காத விமானத்தில் கையெழுத்தா?

பிடோக் வினைல்:
நேற்று இரவு ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்ததைப் படித்ததிலிருந்து வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "1972 பிப்ரவரி 14, லெட் செப்பெலின் சிங்கப்பூர் நிகழ்ச்சியின் அசல் போஸ்டர். நால்வரும் பாய லேபார் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது என் பெரியப்பாவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. 6,000 வெள்ளி. பேரம் கிடையாது."

வந்து இறங்கியபோதா? அந்த நிகழ்ச்சி நடக்கவே இல்லை. முடி நீளம் என்று சொல்லி அந்த ஆங்கில ராக் குழுவை விமானத்தை விட்டு இறங்க விடவில்லை. அடுத்து அவர்கள் மேடை ஏறியது 16ஆம் தேதி, ஆஸ்திரேலியாவில் பெர்த் சுபியாக்கோ ஓவல் மைதானத்தில். ராக் கேட்கிற யாருக்கும் தெரிந்த கதை இது. இறங்காத ஆள் விமான நிலையத்தில் நின்று எப்படிக் கையெழுத்துப் போடுவார்? இந்த மாதிரி ஆட்களால்தான் சிங்கப்பூரிலிருந்து போஸ்டர் என்றாலே வெளியூர்க்காரன் சந்தேகமாகப் பார்க்கிறான்.

ஈசூன்காரன்:
போட்டவன் நான்தான். பெயரைச் சொல்லி நேராகவே கேட்டிருக்கலாம் அண்ணே, ஒளிந்து நின்று கல் எறிய வேண்டாம். பெரியப்பா அப்போது பாய லேபாரில் விமானத்தைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தார். உள்ளே ஏறிப் போய் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் இப்போது உயிரோடு இல்லை. செத்தவரைப் பொய்யர் ஆக்காதீர்கள்.

பிடோக் வினைல்:
பார்த்தீர்களா? விற்பனைக்கு எழுதும்போது நால்வரும் இறங்கினார்கள். கேள்வி கேட்டதும் பெரியப்பா விமானத்துக்குள் ஏறிவிட்டார். நாளைக்கு விமானியே பெரியப்பாதான் என்பீர்கள். என் கேள்வி ஒன்றுதான்: அவர்கள் இறங்கினார்களா, இல்லையா?

செங்காங் மாலா:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். கதையை விட்டுவிட்டுத் தாளைப் பார்க்கலாமே. 'அசல்' என்றால் நிகழ்ச்சிக்கு முன்னால் அச்சடித்ததா, பிறகு அச்சடித்ததா? சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் இசை அரங்கப் போஸ்டர்களில்கூட முதல் அச்சா, இரண்டாம் அச்சா என்பதில்தான் விலையே நிற்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைப் பேசி என்ன பயன்?

அப்புறம், அவர் போட்ட மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்காக மடித்த கோடு டிரம்மர் ஜான் பான்ஹம் கையெழுத்தின் நடுவில் ஓடுகிறது. மடிப்பில் மேல்பூச்சு தேய்ந்து தாளின் வெள்ளை இழை வெளியே தெரிகிறது. கையெழுத்து முதலில், மடிப்பு பிறகு என்றால், பூச்சு உதிர்ந்த இடத்தில் மையும் சேர்ந்து உதிர்ந்து கோடு அறுந்திருக்க வேண்டும். இங்கே மை அந்த வெள்ளை இழைக்குள் இறங்கி இரண்டு பக்கமும் கசிந்து பரவியிருக்கிறது. மடிப்பு பழசாகித் தேய்ந்த பிறகு போட்ட மை அது. எனக்கு அதுதான் உறுத்துகிறது, விமானம் இல்லை.

ஈசூன்காரன்:
பெரியப்பா வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார். அதனால்தான் மடிப்பு முதலில். போதுமா?

செங்காங் மாலா:
ஒரு நாள் பையில் இருந்த மடிப்பு அந்த அளவுக்குத் தேயாது தம்பி. பல தடவை பிரித்து மடித்த தேய்மானம் அது.

பிடோக் வினைல்:
மாலா அக்கா மடிப்பைப் பற்றிச் சொல்வது சரிதான், ஆனால் அது இரண்டாவது விஷயம். முதல் விஷயம் முடியாமல் அதற்குப் போகாதீர்கள். இறங்கினார்களா, இல்லையா?

தேக்கா மணியம்:
தம்பிகளா, நான் அந்தக் காலத்து ஆள். அரசாங்க அலுவலகங்களில் ஓர் அறிவிப்புத் தாள் ஒட்டியிருப்பார்கள், நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று. படம் போட்டு விளக்கியிருக்கும்: நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொடும் முடி, காதை மூடும் முடி, சட்டைக் காலருக்குக் கீழே இறங்கும் முடி. ஓர் அலுவலகத்தில் வரிசையின் முன்னால் நின்ற என்னைக் கடைசிக்கு அனுப்பினார்கள். அவ்வளவு கெடுபிடி இருந்த நேரத்தில், முடி வளர்த்த நாலு வெள்ளைக்காரர்களிடம் துப்புரவு வேலைக்காரர் போய்க் கையெழுத்து வாங்க மேலாளர் விட்டிருப்பாரா? அது மட்டும் இல்லை, 1972இல் அந்த மாதிரி தடித்த மார்க்கர் ஏது? நாங்கள் எல்லாம் பால்பாயிண்டில்தான் எழுதினோம்.

ஈசூன்காரன்:
மார்க்கர் ஏதா? அங்கிள், ஷார்ப்பி மார்க்கர் 1964இலேயே கடைக்கு வந்துவிட்டது. ஆங்கிலப் பாட்டுக் குழுக்காரர்கள் உலகம் சுற்றுகிறவர்கள், அவர்கள் கையில் இருக்காதா? நீங்கள் பால்பாயிண்டில் எழுதினீர்கள் என்பதற்காக கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜும் பால்பாயிண்டில் எழுத வேண்டுமா?

தேக்கா மணியம்:
நான் இங்கே கிடைத்ததைச் சொன்னேன். வயசுக்கு மரியாதை கொடுத்துப் பேசுங்கள்.

ஜூரோங் கிட்டார்:
நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஈசூன்காரன் சொல்வதில் பாதி உண்மையாக இருக்கலாம். ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் முடிந்து 1972இலேயே ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளான்டும் பம்பாய் போனார்கள், அங்கே அந்த ஊர் வாத்தியக்காரர்களை வைத்து ஒலிப்பதிவு செய்தார்கள். அங்கே யாராவது இந்தப் போஸ்டரில் வாங்கியிருக்கலாம். கதை மாறியிருக்கலாம், கையெழுத்து உண்மையாக இருக்கலாம். ஒரேயடியாகப் போலி என்று முத்திரை குத்துவது அநியாயம். அதுவும் யார் குத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். போன வருஷம் "கீறலே இல்லை" என்று சொல்லி எனக்கு ஒரு எல்பி இசைத்தட்டு விற்றவர்தான் இன்று நேர்மை பேசுகிறார். இரண்டாம் பக்கம் முழுக்க டிக் டிக் என்று அடிக்கிறது.

பிடோக் வினைல்:
முதலில் பம்பாய். அங்கே போனது இரண்டு பேர். பேஜ், பிளான்ட். ஜான் பால் ஜோன்ஸும் பான்ஹமும் போகவில்லை. போஸ்டரில் நாலு கையெழுத்து, நாலும் ஒரே மை, ஒரே தடிமன். அந்த இரண்டு பேருடையது தபாலில் வந்ததா? பான்ஹம் 1980இல் இறந்துவிட்டார். அவருடைய கையெழுத்து கிடைப்பதே அபூர்வம், அதனால்தான் போலி போடுகிறவன் முதலில் அவரைத்தான் போடுகிறான்.

இரண்டாவது, அந்த எல்பி. கேட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, என் வீட்டிலேயே ஒலிக்க வைத்துத்தான் வாங்கிப் போனீர்கள். உங்கள் ஊசி தேய்ந்ததற்கு நான் பொறுப்பு இல்லை.

ஜூரோங் கிட்டார்:
என் ஊசியைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி? என் வீட்டில் மற்ற எல்பி எல்லாம் சுத்தமாகப் பாடுகிறது. உங்கள் வீட்டில் முதல் பக்கத்தைத்தான் போட்டுக் காட்டினீர்கள்.

செங்காங் மாலா:
எல்பி சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

ஈசூன்காரன்:
என்னிடம் சான்றிதழும் இருக்கிறது. வாங்குகிறவருக்குக் காட்டுவேன்.

பிடோக் வினைல்:
யார் கொடுத்த சான்றிதழ்? சான்றிதழ் கொடுத்தவர் விமான நிலையத்தில் நின்று பார்த்தாரா? இறங்கவே இல்லை என்கிறேன், நீங்கள் சான்றிதழ் என்கிறீர்கள். ஒரு புற ஊதா விளக்கு வாங்கி இருட்டில் அடித்துப் பாருங்கள். தாள் நீலமாக மின்னினால் அன்றைக்கே கதை முடிந்தது, புதுத் தாள்.

செங்காங் மாலா:
இல்லை, அப்படி முடியாது. தாளை வெளுப்பாகக் காட்டும் அந்தப் பொருளை 1950களிலேயே தாள் தயாரிப்பில் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். 1972 தாளும் நீலமாக மின்னலாம். மின்னுவதை வைத்து 60கள், 70களின் போஸ்டரைப் போலி என்று தள்ள முடியாது. அதைவிட லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எழுத்துகளைப் பார்க்கலாம். ஏற்கெனவே அச்சான போஸ்டரைப் படம் பிடித்து மறுபடி அச்சடித்திருந்தால், நிரப்பாக இருக்க வேண்டிய எழுத்தெல்லாம் குட்டிக் குட்டிப் புள்ளிகளாக உடைந்து தெரியும். ஈசூன் தம்பி, எழுத்தின் ஓரத்தை நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் போடுகிறீர்களா? தாளின் பின்பக்கத்தையும், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து. மை பின்பக்கம் வரை ஊறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சான்றிதழைப் பற்றியும் ஒன்று. நேரில் வாங்கியதே என்றாலும்கூட ஏமாற இடம் உண்டு. பீட்டில்ஸின் உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் அவர்கள் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்தது. வாங்கியவர் பொய் சொல்லாமலேயே கையெழுத்து பொய்யாக இருக்கலாம். இதில் பெரியப்பாவுக்கு எந்த அவமானமும் இல்லை.

ஈசூன்காரன்:
அக்கா, நீங்கள் மரியாதையாகக் கேட்டதால் சொல்கிறேன், போஸ்டர் இப்போது லேமினேட் செய்து ஃபிரேமில் இருக்கிறது. வெளியே எடுக்க முடியாது.

செங்காங் மாலா:
லேமினேட்டா?! ஐயோ தம்பி, அந்தப் பசை தாளோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாதே. நம் ஊர் ஈரத்துக்குப் பயந்து எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். அமிலம் இல்லாத அட்டை, புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக், ஈரம் ஏறாத டிரை கேபினட், இவ்வளவு இருந்தால் போதும். மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிய பிறகு கையெழுத்து நூறு சதவீதம் உண்மை என்றாலும் யார் 6,000 கொடுப்பார்கள்?

ஈசூன்காரன்:
என் பொருள், என் விருப்பம்.

பிடோக் வினைல்:
இப்போது புரிகிறதா? சோதிக்க முடியாதபடி செய்துவிட்டுத்தான் விற்பனைக்கு வருகிறார்கள். கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. லெட் செப்பெலின் சிங்கப்பூர் மண்ணில் கால் வைத்தார்களா, இல்லையா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று.

தேக்கா மணியம்:
ரோலிங் ஸ்டோன்ஸ் வைத்தார்கள். 1965 பிப்ரவரியில் கில்மார்ட் ரோடு பூப்பந்து அரங்கத்தில். அந்தப் போஸ்டர் யாரிடமாவது இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம். இல்லையென்றால் நான் சொன்ன அந்த முடி அறிவிப்புத் தாளையாவது தேடுங்கள், அதுதான் நம் ஊர்ச் சரித்திரம். சுங்கே ரோடு பழஞ்சாமான் சந்தை இருந்தவரை இந்த மாதிரிச் சாமான் கண்ணில் படும். 2017இல் அதையும் மூடிவிட்டார்கள்.

ஜூரோங் கிட்டார்:
மணியம் அங்கிள் சொன்னது நூற்றில் ஒரு வார்த்தை. கையெழுத்து கையெழுத்து என்று இங்கே எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். 1966இல் பீட்டில்ஸ் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் வாசித்த நிகழ்ச்சியின் போஸ்டர் 2022இல் 275,000 அமெரிக்க வெள்ளிக்கு ஏலம் போனது. அதில் கையெழுத்தே கிடையாது. போஸ்டருக்குத்தான் மதிப்பு. ஈசூன்காரன் கையெழுத்தைப் பற்றிப் பேசாமல் போஸ்டராக விற்றாலே போதும்.

பிடோக் வினைல்:
போஸ்டராக விற்றால் 6,000 வருமா? லேமினேட் செய்த, மடித்த போஸ்டருக்கு? ஷே ஸ்டேடியத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். பீட்டில்ஸ் அங்கே மேடையில் ஏறி வாசித்தார்கள். இவர்கள் விமானத்தை விட்டே இறங்கவில்லை.

ஜூரோங் கிட்டார்:
நடக்காத நிகழ்ச்சியின் போஸ்டர் இன்னும் அபூர்வம் என்றுதான் நான் சொல்வேன். ஒட்டியதைக் கிழித்து எறிந்திருப்பார்கள், மிஞ்சியது கொஞ்சம்தான். அது உங்களுக்குப் புரியாது, ஏனென்றால் உங்களிடம் அப்படி ஒன்று இல்லை.

பிடோக் வினைல்:
என்னிடம் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. இருபது வருஷமாகச் சேர்க்கிறேன். இதுவரை ஒன்றுகூட பெரியப்பா கதை சொல்லி விற்றதில்லை.

ஈசூன்காரன்:
திரும்பவும் பெரியப்பாவை இழுக்கிறீர்கள். அவர் அந்த வேலையில் முதுகு ஒடிய உழைத்தவர். தன் கையால் வாங்கியதாக அவர் சொன்னார், நான் நம்புகிறேன். உங்களைப் போல் ஆட்கள் வாங்க வேண்டாம். விலை இன்றிலிருந்து 6,500.

செங்காங் மாலா:
ஃபிரேமைத் திறக்க வேண்டாம் தம்பி. கண்ணாடி வழியாகவே ராபர்ட் பிளான்ட் கையெழுத்தை நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். 70களில் அவர் போட்ட, சந்தேகமில்லாத கையெழுத்துகளோடு வைத்துப் பார்க்கலாம்.

ஈசூன்காரன்:
வாங்குகிறவர் நேரில் வந்து பார்க்கட்டும்.

பிடோக் வினைல்:
அப்போ நான் வருகிறேன். ஈசூனில் எந்தப் புளோக்?

ஈசூன்காரன்:
உங்களுக்குக் கிடையாது.

ஜூரோங் கிட்டார்:
அவர் வரும் வழியில் என் வீட்டுக்கும் வரட்டும், எல்பியை எடுத்துவைக்கிறேன். இரண்டாம் பக்கத்தை என் ஊசியில் கேட்டுவிட்டுப் பணத்தைத் திருப்பித் தரட்டும்.

பிடோக் வினைல்:
வாங்கியது போன வருஷம். திருப்பித் தருவதற்கு ஒரு வாரம்தான் என்று அன்றைக்கே எழுதியிருந்தேன். தேடிப் படியுங்கள்.