‘முன்செறிவூட்டல்’ வேண்டாம், ‘முன்திரட்டல்’ என்போம்

ஐயா, வணக்கம்.

நீர் மாதிரியில் நுண்ணளவில் இருக்கும் உலோக அயனிகளைக் கருவியில் அளப்பதற்கு முன், சிறு கன அளவில் சேர்த்துச் செறிவைக் கூட்டும் வேலைக்கு (preconcentration) நம் கலைச்சொல் பட்டியலில் ‘முன்செறிவூட்டல்’ என்று எழுதியிருந்தீர்கள். ‘முன்’ பொருத்தம்தான். ‘ஊட்டல்’தான் உறுத்துகிறது.

ஊட்டல் என்றாலே வெளியிலிருந்து கொடுப்பது. உணவில் சத்துகளைச் சேர்ப்பதையும் செறிவூட்டல் என்றுதான் சொல்கிறோம். இந்த வேலையிலோ வெளியிலிருந்து ஒரு நானோகிராம் காரீயம் வந்து சேர்ந்தாலும் கெட்டது காரியம். அமிலத்தில் இருந்த மாசு, குப்பியின் சுவரில் ஒட்டியிருந்தது, காற்றில் பறந்த தூசி எல்லாம் அளவீட்டில் ஏறிவிடும். அதற்காகத்தான் குப்பிகளை அமிலத்தில் ஊறவைக்கிறோம், ஒவ்வொரு முறையும் மாதிரிகளோடு வெற்று மாதிரி (தேடும் உலோகம் இல்லாத தூய நீர்) ஒன்றையும் ஓட்டுகிறோம். எதைச் செய்யவே கூடாதோ அதையே பெயராக வைக்கலாமா?

‘செறித்தல்’ போதும் என்று இன்னொரு நண்பர் சொன்னார். அதுவும் முழுமையாக இல்லை. கடல்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்குக் குளோரைடு சுமார் 19 கிராம், சோடியம் 10 கிராமுக்கு மேல். நாம் தேடும் காரீயமோ நானோகிராம் கணக்கு. கொதிக்கவைத்து வற்றச் செய்தால் காரீயம் செறியும், கூடவே உப்பும் செறியும். அந்த உப்புநீரைப் பிளாஸ்மா நிறைமானியில் (ஆர்கான் பிளாஸ்மாவில் அயனியாக்கி நிறைப்படி பிரித்தளக்கும் கருவி, ICP-MS) விட்டால், அயனிகள் உள்ளே நுழையும் கூம்பின் துளையில் உப்புப் படியும். பிளாஸ்மாவின் ஆர்கானும் நீரின் குளோரினும் சேர்ந்து நிறை 75-இல் வந்து நிற்கும். ஆர்சனிக்கின் நிறையும் அதேதான், இரண்டையும் சாதாரணக் கருவி பிரித்தறியாது. ஆகவே வேண்டியதைப் பொறுக்கிச் சேர்ப்பதும் வேண்டாததைப் போகவிடுவதும் இந்த வேலையின் உயிர். அதை ‘செறித்தல்’ சொல்வதில்லை. ‘திரட்டல்’ சொல்கிறது: சிதறிக் கிடப்பதைத் தேடி ஓரிடத்தில் சேர்ப்பது.

செய்முறையோடு வைத்துப் பார்ப்போம். அரை லிட்டர் நீரின் அமிலத்தன்மையை பி.எச். 5.5 அளவில் நிறுத்தி, இமினோடைஅசிட்டேட் தொகுதி கொண்ட கொடுக்கிணைப்புப் பிசின் (உலோக அயனியை நண்டுக் கொடுக்குபோல் பற்றும் பிசின், chelating resin) நிரப்பிய கம்பத்தின் (சிறு குழாய், column) வழியே மெதுவாக விடுகிறோம். தாமிரம், காட்மியம், காரீயம் பிசினில் பிடிபடும். சோடியம் நிற்காமல் இறங்கிவிடும். கால்சியமும் மக்னீசியமும் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். அவற்றை அம்மோனியம் அசிட்டேட் கரைசலால் போக்குகிறோம். கடைசியில் 5 மில்லிலிட்டர் நைட்ரிக் அமிலம், 2 மோலார். ஹைட்ரஜன் அயனிகள் பிசினின் பிடியிடங்களை எடுத்துக்கொள்ள, உலோகங்கள் விடுபட்டுக் கீழே வருகின்றன.

இந்தக் கடைசி இரண்டு படிகளையும் நம் பட்டியலில் ‘கழுவுதல்’ என்றே போட்டிருக்கிறோம். இது ஆபத்து. முதலாவதில் இறங்கும் நீரைக் கொட்டுகிறோம், இரண்டாவதில் இறங்குவதைப் பொன்போல் பிடிக்கிறோம். மாணவர் ஒருவர் குழம்பினால் மாதிரியே போய்விடும். முன்னதை ‘அலசல்’ என்றும், பின்னதைக் ‘கழற்றல்’ என்றும் பிரித்துவிடுவோம். கொடுக்கு பிடித்ததைக் கழற்றுகிறோம். அந்த அமிலம் ‘கழற்றி’. ‘கொடுக்கிணைப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் இரண்டும் இயல்பாகவே சேர்ந்துகொள்ளும்.

புணர்ச்சி பற்றியும் கேட்டிருந்தீர்கள். முன்+தானை முன்றானை ஆவதுபோல இதுவும் ‘முன்றிரட்டல்’ ஆக வேண்டும் என்பது இலக்கணப்படி சரியே. ஆனால் இன்று படிப்பவருக்கு அதில் ‘திரட்டல்’ கண்ணில் படாது. ‘முன்தினம்’ என்று எழுதுவதுபோல் இயல்பாகவே விடலாம் என்பது என் கருத்து.

நீர்ச் சுத்திகரிப்பில் கலங்கலைத் திரளச் செய்வதோடு இது மோதுமே என்ற ஐயமும் வரும். அங்கே துகள்கள் தாமே ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. அதைத் ‘திரளல்’ என்று தன்வினையில் வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: முன்திரட்டுக் கம்பம், முன்திரட்டிய கரைசல், திரட்டு மடங்கு. கடைசிச் சொல்லுக்கு மட்டும் வரையறை தேவை. 500 மில்லிலிட்டரை 5-ஆகக் குறைத்தால் கன அளவு விகிதம் 100. மீட்பு (மாதிரியில் இருந்த உலோகத்தில் நம் கைக்கு வந்த பங்கு) 95 விழுக்காடு என்றால் உண்மையில் கிடைத்த செறிவு உயர்வு 95 மடங்குதான். ‘திரட்டு மடங்கு’ என்பது இந்த 95-ஐயே குறிக்கட்டும். 100-ஐக் ‘கன அளவு விகிதம்’ என்றே எழுதுவோம். உங்களுக்கு உடன்பாடு என்றால் பட்டியலில் இப்படியே திருத்திவிடுகிறேன்.