மறு: மறு: 'ஹைட்'டுக்கு என்ன சொல் போடலாம்?

வணக்கம்,

பறவை, மிருகத்தைப் படம் எடுக்கிறவங்க அதுங்க கண்ணுல படாம ஒளிஞ்சு உட்கார்ற மறைப்பை இங்கிலீஷ்ல 'ஹைட்'ங்கிறாங்க, அதுக்குத் தமிழ்ல என்ன சொல்றதுங்கிறதுதான் இங்க பேச்சு.

> 'மறைவிடம்'னு ஏற்கனவே இருக்கே, இதுக்கு ஏன் இவ்வளவு அலசல்?

அண்ணே, திருடன் பதுங்கின எடமும் மறைவிடம்தான், ஒடம்புல வெளிய சொல்லக் கூசுற பாகமும் மறைவிடம்தான். "மறைவிடத்துல நாலு மணி நேரம் கேமராவோட உட்கார்ந்திருந்தேன்"னு முகநூல்ல போட்டுப் பாருங்க, அப்புறம் தெரியும் சங்கதி.

அக்கா குடுத்த 'பதுக்கை' கேக்க அழகாத்தான் இருக்கு. ஆனா சங்கப் பாட்டுல அது பாலை வழியில செத்துப்போனவங்க மேல கல்லக் குவிச்சு மூடின மேடு. ஃபின்லாந்துல ரஷ்ய எல்லையோரம் குஹ்மோ பக்கத்துக் காட்டுல, பழுப்புக் கரடி வருமான்னு ராத்திரி பூரா ஒரு பலகைப் பொட்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த நெனப்பு வேற எதுக்கு. 'பார்வைக்குடில்'லயும் ஒரு சிக்கல், பழைய தமிழ்ல பார்வைன்னாலே வேடன் மத்த மிருகத்தை இழுக்கக் கட்டிவைக்கிற பழக்கின மிருகம்.

என் ஓட்டு 'ஒளிகுடில்'. ஒளிகிற குடில், வினைத்தொகை, அதனால நடுவுல க் வராது. ஒளிப்படம்ங்கிற சொல்லோட காதுக்கு ஒட்டியும் வருது. க் போட்டா மட்டும் வெளிச்சக் குடில்னு அர்த்தம் தலைகீழாயிடும், அது எவ்வளவு தலைகீழ்னு நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டேன்.

நான் இருக்கிறது இங்கிலாந்துல. போன வருஷம் ஒரு ஓடையோரம் வாடகைக்கு ஒரு ஹைட் எடுத்தேன், முன்னாடி ஒருவழிக் கண்ணாடி, அதுக்கு அந்தப் பக்கம் நாலு மீட்டர்ல ஒரு குச்சி. (இந்தக் கண்ணாடி வச்ச ஹைட்டைப் பிரபலமாக்கினதுல ஹங்கேரிக்காரர் பென்ட்சே மாட்டேவுக்குப் பெரிய பங்கு உண்டு, 2010ல 'வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' விருது வாங்கினவர்.) ரெண்டு மணி நேரம் கழிச்சு சிரல் வந்து உட்கார்ந்துச்சு, நம்மூர் வாய்க்கால்ல பாக்கிற அதே சின்ன நீல மீன்கொத்தி இனம்தான், அலகுல குறுக்க ஒரு மீன், அதைக் குச்சியில பட்டு பட்டுன்னு அடிக்குது. நான் பின்பக்கக் கதவைச் சரியா சாத்தாம விட்டிருந்தேன். வெயில் வந்து முதுகுல விழுந்ததுதான் தாமதம், கண்ணாடி வெறும் ஜன்னலாயிடுச்சு, ஆள் உட்கார்ந்திருக்கிறது அப்படியே தெரிஞ்சிருக்கும், நீலமா ஒரு கோடு, அவ்வளவுதான். உள்ள இருட்டா இருந்தாத்தான் அந்தக் கண்ணாடிக்கு வேலையே.

இன்னொண்ணு, ஜெர்மனியில வேட்டைக்காரங்க உட்கார காட்டோரமா ஏணி வச்சு மரத்துல கட்டியிருப்பாங்களே ஹோக்ஸிட்ஸ், அதுக்குப் புதுச்சொல்லே வேணாம். தினைப்புனத்துல கிளி ஓட்ட ஏறி உட்கார்ந்த பரணேதான் அது.

---

> ஒளிகுடில்

தம்பி, சொல் நல்லாருக்கு, ஆனா எல்லா ஹைட்டும் குடில் இல்லையே? யார்க்‌ஷயர் கேர்ட்டன் சகோதரர்கள் ரிச்சர்டும் செர்ரியும் நூறு வருஷத்துக்கு முன்னாடி எருதுத் தோலைப் பாடம் பண்ணி அதுக்குள்ள ஆள் நின்னு பறவையைப் படம் எடுத்தாங்க. ஏரியில முக்குளிப்பானை எடுக்கிறவங்க மெதக்குற ஹைட்டுக்குள்ள நெஞ்சளவு தண்ணியில நடக்குறாங்க. அதையெல்லாம் என்ன சொல்லுவ? அதோட, நீ க் போடாட்டியும் அச்சுக்குப் போறப்ப பிழை திருத்துறவர் போட்டுடுவார்.

---

ஐயா, அதுக்குத்தான் 'ஒளி'யை மட்டும் புடிச்சுக்குவோம்ங்கிறேன். மெதக்குறது ஒளிமிதவை, துணியில இருந்தா ஒளிகூடாரம். எருதுக்கு ஒளியெருதுன்னு வேணா வச்சுக்கலாம், ஆனா இன்னிக்கு யாரும் அதுக்குள்ள போறதில்ல.

பிழை திருத்துறவர் விஷயத்துல நீங்க சொல்றது சரிதான், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. 'கரவுகுடில்'னு வச்சா வெளிச்சக் கொழப்பம் போயிடும், ஆனா கரவுன்னா வஞ்சகம்னும் அர்த்தம் இருக்கே. ஹைட் அப்படி இல்ல, பறவை அது பாட்டுக்கு இருக்கணும்னுதான் நாம ஒளியுறோம். இங்க இங்கிலாந்துல 1981 வனவிலங்குச் சட்டப்படி கூட்டுல இருக்கிற மீன்கொத்தியை லைசென்ஸ் இல்லாம தொந்தரவு பண்றதே குத்தம், ஹைட்டுக்குள்ள இருந்து பண்ணினாலும் குத்தம்தான்.

டெல்டா பக்கம், யாழ்ப்பாணம் பக்கம் யாராவது இருந்தா, கொக்கு மடையான் புடிக்கிறவங்க முன்னாடி தழையை நட்டு ஒளிஞ்சு உட்காருவாங்களே, அதுக்கு ஊர்ல ஏதாச்சும் பேரு இருந்துச்சான்னு பெரியவங்களைக் கேட்டு எழுதுங்க. இருந்துச்சுன்னா என் சொல்லை நானே வாபஸ் வாங்கிக்கிறேன்.