கார்த்திகைப்பூ காட்டுப் பூவா, வேலிப் பூவா?

பாலையடி:
சென்ற வாரம் வன்னியில் நெடுங்கேணிப் பக்கம் போய் வந்தேன். சிறுவயதில் ஒழுங்கையின் இரு பக்கமும் கார்த்திகைப்பூ எரிந்துகொண்டிருக்கும். இம்முறை எண்ணி மூன்று கொடி. காடழிப்புத்தான் காரணம். பாலையும் வீரையும் முதிரையும் விழுந்தால் அடியில் வாழும் கொடி எப்படி மிஞ்சும்? மிச்சக் காட்டுக்குள் ஒருவரையும் விடக்கூடாது என்பது என் கட்சி.

குளக்கட்டு:
அண்ணா, நீங்கள் கண்டதே ஒழுங்கையில்தானே? நான் துணுக்காய்ப் பக்கத்தவன், விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் நடந்தவன். வீரை அடர்ந்த இடத்தில் நண்பகலும் மம்மல் பொழுதுதான். அங்கே இந்தக் கொடியை ஒருநாளும் கண்டதில்லை. காடு முடிந்து சூரையும் காரையும் தொடங்கும் பற்றையில்தான் அது இருக்கும். தண்டுக்குத் தானாக நிற்கும் பலம் இல்லை. இலையின் நுனியே சுருண்டு சுள்ளியைப் பிடிக்கிறது. பற்றைக்கு மேலே தலை நீட்டி வெயில் கண்ட பிறகுதான் பூக்கிறது. வெள்ளம் நிற்கும் பள்ளத்தில் கிழங்கு அழுகிவிடும். செம்மண் மேடுதான் அதற்கு ஏற்றது.

2010இல் ஊர் திரும்பியபோது எங்கள் வளவு முழுவதும் பற்றை. அந்த மாரியில் பூத்ததுபோல் பிறகு பூக்கவே இல்லை. நாங்கள்தான் துப்புரவாக்கிவிட்டோமே! கிளுவை வேலி போய் முள்ளுக்கம்பியும் மதிலும் வந்தன. கார்த்திகை பிறந்தால் எல்லோருக்கும் இந்தப் பூவின் நினைவு வருகிறது, மற்றப் பதினொரு மாதமும் வேலியை வெட்டுகிறோம்.

பாலையடி:
அப்படியானால் காட்டை வெட்டினால் பூ பெருகும் என்கிறீர்களா? ஆபத்தான பேச்சு, தம்பி. சங்கப் பாட்டிலேயே காந்தள் என்ற இந்தப் பூ குறிஞ்சி நிலத்துப் பூ.

குளக்கட்டு:
வன்னியில் மலையைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். காட்டை வெட்டச் சொல்லவில்லை. காட்டின் விளிம்பை டோசர் போட்டு வழிக்காதீர்கள் என்கிறேன். காட்டை மூடி வைத்துவிட்டு வேலியோரத்தை வழித்தால் இந்தப் பூவுக்கு என்ன பயன்?

மாட்டுப்பட்டி:
எங்கள் மாடுகள் இதில் வாய் வைப்பதில்லை. ஆனால் ஒரு புழு தின்கிறது: கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள். ஒரு மாரியில் முழுக்கொடியையும் தண்டு மட்டும் மிஞ்சத் தின்றுவிட்டது. செத்தது என்று நினைத்தேன். அடுத்த ஐப்பசி மழைக்கு அதே இடத்தில் முளை வந்தது.

செம்மண்:
நானும் வளவில் நட ஆசைப்பட்டு, காட்டோரத்தில் நான்கு கிழங்கு கிண்டி வந்தேன். இரண்டு மாரி போயும் முளைக்கவில்லை. தண்ணீர் போதவில்லையோ?

குளக்கட்டு:
கிண்டியது மண்வெட்டியாலா? கிழங்கு கலப்பைபோல இரு கையாக வளைந்திருக்கும். கையின் நுனியில்தான் முளைக்குருத்து. அது முறிந்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. விதை போடுங்கள். காய் மூன்றாக வெடித்துச் செம்மஞ்சள் விதை தெரியும். ஆனால் பூக்கச் சில ஆண்டு செல்லும். கிழங்கைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். கொல்சிசின் என்ற நஞ்சு செடி முழுவதும் உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். வள்ளிக்கிழங்கு என்று அவித்துத் தின்று செத்தவர்கள் இருக்கிறார்கள்.

பாலையடி:
இதைத்தான் நானும் சொல்கிறேன். செம்மண்ணைப்போல ஊருக்குப் பத்துப் பேர் கிண்டினால் விளிம்பிலும் மிஞ்சாது. அங்கும் காவல் வேண்டும்.

குளக்கட்டு:
இதில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன் அண்ணா.

செம்மண்:
இப்போதுதான் கிண்டிப் பார்த்தேன். மூன்றில் நுனி இல்லை, சூம்பிப் போயிருக்கின்றன. நான்காவதில் ஒரு பக்க நுனி முறியாமல் வெள்ளையாக இருக்கிறது. பூவரச வேலியடியில் திரும்பப் புதைத்துவிட்டேன். அந்தப் பக்க வேலியை இந்த வருடம் வெட்டுவதில்லை என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.