பயோஇங்க்: ‘உயிர்மை’யை விட ‘உயிர்மசி’ பொருந்தும்

நண்பர்களுக்கு வணக்கம்.

உயிருள்ள செல்களைக் கலந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் திசுக்களை அச்சிடப் பயன்படும் மைதான் பயோஇங்க் (bioink). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த விவாதத்தில் ‘உயிர்மை’க்கு ஆதரவு கூடிவருகிறது. என்னால் உடன்பட முடியவில்லை. பொறுமை, இளமை, தாய்மை என்று பழகிய கண், உயிர்மை என்பதை உயிரோடிருக்கும் தன்மை என்றே படிக்கும். அச்சுப்பொறியில் ஊற்றும் பொருள் யார் நினைவுக்கும் வராது.

‘உயிரி மை’ என்று பிரித்து எழுதினாலும் தொல்லைதான். உயிரி உரம், உயிரி எரிபொருள் போல, உயிரினத்திலிருந்து எடுத்த மை என்றாகிவிடும். இந்த மையில் சேர்க்கும் ஆல்ஜினேட் என்ற களிப்பொருளைப் பழுப்புக் கடற்பாசியிலிருந்துதானே எடுக்கிறோம், சரிதானே என்று தோன்றலாம். ஆனால் 2018இல் இத்துறை ஆய்வாளர்கள் வகுத்த வரையறைப்படி, உயிருள்ள செல்கள் கலந்திருந்தால்தான் அது பயோஇங்க். ஆல்ஜினேட் மட்டும் இருந்தால் ஆகாது. நம் உடற்செல்கள் ஆல்ஜினேட்டைப் பற்றிக்கொள்வதுகூட இல்லை. அதற்காகவே ஜெலட்டின் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். பெயரில் உள்ள உயிர் செல்லுக்கு உரியது, பாசிக்கு உரியதல்ல.

என் முன்மொழிவு ‘உயிர்மசி’. எங்கள் களியக்காவிளையில் சோதனைச்சாவடியைத் தாண்டினால் மலையாளம். அங்கே பேனாவில் ஊற்றுவது மஷி. சிலேட்டு அழிக்கப் பிள்ளைகள் ஒடித்துவரும் சாறு நிறைந்த செடி மஷித்தண்டு. அதைக் கேட்டே வளர்ந்ததால், மை என்ற பொருளில் நம்முடைய மசியும் எனக்கு மறக்கவில்லை. மைப்புட்டிக்கு மசிக்கூடு என்ற சொல் தமிழ் அகராதியிலேயே உண்டு.

மசி என்றால் கீரை மசியல் நினைவுக்கு வரும், செல்லை நசுக்குவதுபோல ஒலிக்கிறது என்று ஓர் அம்மையார் எழுதியிருந்தார். நியாயமான கவலை. அச்சுப்பொறியின் ஊசிமுனையில் அழுத்தம் மிகுந்தால் செல்கள் செத்துத்தான் போகும். ஆனால் நசுக்குவது ‘மசித்தல்’. ‘மசிதல்’ வேறு: இணங்கிக்கொடுத்தல். எதற்கும் மசியாதவர் என்கிறோம் அல்லவா? இந்தப் பொருளின் இயல்பே அதுதான். கெட்டியாக இருப்பது அழுத்தும்போது இளகி ஊசிமுனை வழியே வருகிறது. வெளியே வந்ததும் மீண்டும் கெட்டிப்படுகிறது. ஆல்ஜினேட் கலந்ததென்றால், கால்சியம் குளோரைடு கரைசல் பட்டதும் களியாக இறுகிவிடுகிறது. மையையும் இந்த மசிவையும் ஒரே சொல் தாங்குகிறது. ‘உயிர்மசியில் அச்சிட்ட குருத்தெலும்பு’ என்று எழுதிப் பாருங்கள், தடங்கலின்றி வரும்.

ஆல்ஜினேட்டுக்குப் ‘பாசிக்களி’ என்ற பெயர் வேண்டாம். கடையில் கடல்பாசி என்று வாங்கி நாம் காய்ச்சுவது சிவப்புப் பாசியின் அகர். இரண்டும் ஒன்றென்று ஆகிவிடும். ஆல்ஜினேட் அப்படியே இருக்கட்டும்.

செல் கலக்காத வகைக்கும் ஒரு பெயர் தேவை. ‘அச்சுமசி’ என்றால் நாளிதழ் அச்சிடும் மையோடு குழம்பும். செல்கள் பின்னர் குடியேறுவதற்கான சட்டகத்தையே அதைக்கொண்டு பெரிதும் அச்சிடுகிறார்கள் என்பதால், கொத்தனார்கள் கட்டும் சாரத்தை நினைத்து ‘சாரமசி’ என்று வைத்திருக்கிறேன். ஆனால் சாரம் என்றதும் பிழிந்தெடுத்த சாறு என்று கொள்பவர்களும் இருப்பார்கள். ஆய்வகத்தில் இதைக் கையாளும் நண்பர்கள் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.